முதல் பக்கத்தை எடுக்க மாட்டேன்

பாலக்காட்டுக் கல்லூரியில், ஆய்வேட்டுக்கு ஒப்புதல் தரும் குழு உட்கார்ந்திருந்த கூட்ட அறைக்குள் நுழையும் முன் நவ்ஷாத் சார் இன்பமேரியை வராந்தாவில் ஓரங்கட்டினார். அவளுடைய ஆய்வு வழிகாட்டி, தமிழ் புழங்கும் எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்த மனுஷன்.

"அந்த முதல் பக்கத்த மட்டும் எடுத்துடும்மா. ஆப்பிரிக்கக் கல்வித் தத்துவம்னு தலைப்பு வெச்சுட்டு, எடுத்த எடுப்புல உன் எஸ்டேட்டு ஸ்கூல் கதையா? உள்ள இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க."

ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. நீட்டித்துத் தந்த கெடுவும் இந்த மாதத்தோடு சரி. இத்தனை வருஷப் பாடும் ஆற்றில் கரைத்த புளிதான். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் எரிச்சலாக இருந்தது. அடுத்தவன் மொழியில் பாடம் கேட்ட ஆப்பிரிக்கப் பிள்ளை வகுப்பில் என்ன உணர்ந்தது, அங்கிருந்துதான் கல்வியைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும் என்று அந்த மண்ணின் சிந்தனையாளர்கள் சிலர் சொல்வதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். ஊரார் பிள்ளை பட்டால் தத்துவம், தான் பட்டால் கதையா? நல்ல நியாயம்!

"அத எடுத்தா மிச்சமெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதா ஆயிரும் சார். எடுக்க மாட்டேன்."

உள்ளே ஐந்து பேர். குழுத் தலைவர் மலையாளத்தில் தொடங்கச் சொன்னார். அவள் முதல் பக்கத்தையே வாசித்தாள். இடுக்கித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, மலையாளப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. பூர்வீகம் எது என்று டீச்சர் கேட்கிறார். அப்பா சூசையப்பன் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தபடி அவள் எழுந்து, கோவில்பட்டி என்கிறாள். தமிழுக்கு அது ஊர். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கோவில் நாய்! வகுப்பே குரைத்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வருஷம் முழுக்க அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தில் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனசொன்றுமில்லை, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்திலிருந்தவருக்கும் அது தொற்றிக்கொண்டது. நவ்ஷாத் சார் தரையைப் பார்த்தார். இன்பமேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகையில்லை, சுத்தமான கோபம். வாசிப்பதை நிறுத்திவிட்டு, அவர்கள் சிரித்து ஓயும்வரை நின்றாள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், மேலே வாசிக்கச் சொன்னார்.

"இருங்க சார்," என்றாள், தமிழிலேயே. "இப்ப நீங்க சிரிச்சதையும் எழுதிக்கிறேன். ஆய்வுல வரணும்."

பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டு எழுதத் தொடங்கினாள். நிதானமாக, ஒரு வார்த்தையும் விடாமல். கையெழுத்துப் போட வேண்டிய ஐந்து பேரும், அவள் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.