முப்பத்தைந்து சதுரங்கள்

"போர்வைக்குத் தக்கபடி கட்டில் செய்வியா, கட்டிலுக்குத் தக்கபடி போர்வை தைப்பியா?" என்று ஜனகராஜ் மாமா ஒருநாள் சுந்தரவல்லியிடம் கேட்டார். துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைத்தால் என்ன என்று அவள் மென்று விழுங்கிச் சொல்லி முடித்ததும் கேட்ட கேள்வி அது. மாமா சிரித்துக்கொண்டே கீழே கடைக்கு இறங்கிவிட்டார். அன்று சாயங்காலம்தான் வல்லிக்குப் பதில் வந்தது: இரண்டும் இல்லை, படுக்கிற ஆளைப் பார்த்துத் தைக்க வேண்டும். அதைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதி, இஸ்திரித் துணி மூட்டைக்கு அடியில் சொருகி வைத்தாள். மாமாவிடம் சொல்லவில்லை. வாயில் வராததெல்லாம் அந்த மூட்டைக்கு அடியில்தான் போய்ச் சேரும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது, அதற்குள் ஆறு நோட்டு சேர்ந்துவிட்டது.

மாமாவின் சுங்குடிக் கடை சிம்மக்கல்லில் இருந்தது. மேல்மாடியில் வல்லிக்கு முடிச்சுப் பிரிக்கிற வேலை. நூலால் புள்ளி புள்ளியாகக் கட்டிச் சாயத்தில் முக்கிய சேலை காய்ந்து வந்ததும், இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும். துணி பொரிப்பொரியாகச் சுருங்கி நிற்கும். அதை இஸ்திரி போடாமல் அப்படியே விற்பார்கள். அச்சு இல்லை, கையால் கட்டியது என்பதற்கு அந்தச் சுருக்கம்தான் சாட்சி. வீட்டுக்குப் போய் ஒரு தண்ணீர் பார்த்ததும் சுருக்கம் விரிந்துவிடும். ஒரு சாண் துணி ஒரு சாணும் ரெண்டு விரலும் ஆகும். முடிச்சோடு வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடிமாதம், சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் ஒட்டுப்போர்வை கிடைக்குமா என்று மாமாவுக்கு போன் செய்தார். மாமா இப்போது போர்வை போர்வை என்று பறந்தார். யார் சொன்ன யோசனை என்பது அவருக்கு நினைவில்லை. வெட்டு மேசையில் உட்கார்ந்து கட்டம் போட ஒரு ஆள் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். வல்லி நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்குக் காட்டுவோம், நாளைக்குக் காட்டுவோம் என்று எட்டு நாள் படியேறினாள்.

ஒன்பதாம் நாள் ஸ்ரீலக்ஷ்மி வந்தாள்.

ஒன்பதாவது வரை வல்லியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். இப்போது பிளஸ் டூ. அவள் அண்ணன் அஸ்வத் மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறான். அம்மா அனந்தலக்ஷ்மியின் பழைய சேலைகளையும் புதுச் சுங்குடியையும் சேர்த்து அவனுக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுக்க வேண்டுமாம். ஸ்ரீலக்ஷ்மியே கட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"அம்மா டபுள் கட்டிலுக்குத் தைங்கறா, அங்கிள். அங்க போய் யாரோட படுத்துக்கப் போறான்னு கேட்டேன், தலையில ஒண்ணு வச்சா."

மாமா குலுங்கிச் சிரித்தார். வல்லியோடு வீட்டுப் பாஷையில் பேசுகிறவர், ஸ்ரீலக்ஷ்மியைக் கண்டதும் தமிழை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டார். "அது சரிம்மா. அப்ப அளவு?"

"ஒத்தைக் கட்டில்தான். ஆனா அவன் ஆறடி. காலை இழுத்துப் போத்திக்கணும், தலைமாட்டுலயும் மடிச்சு விடணும். அதனால நீளம் எண்பத்துநாலு இஞ்ச், அகலம் அறுபது. பன்னண்டு இஞ்ச் சதுரமா எடுத்தா அகலத்துக்கு அஞ்சு, நீளத்துக்கு ஏழு. மொத்தம் முப்பத்தஞ்சு."

படுக்கிற ஆளைப் பார்த்துத்தான் அவளும் அளந்திருந்தாள். வல்லிக்குத் தன் நோட்டில் இருந்ததை யாரோ எட்டிப் பார்த்துவிட்டது போல் இருந்தது. சரி, அளவுதானே ஒன்று, அடுக்கு வேறாகத்தான் இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். வேறாகத்தான் இருந்தது. வல்லி போட்டிருந்தது சதுரங்கப் பலகை: ஒன்று விட்டு ஒன்று சிவப்பு, நாலு மூலையும் ஒரே நிறம். ஸ்ரீலக்ஷ்மியின் தாளில் அரக்குச் சிவப்பு ஒரு மூலையில் தொடங்கி, சாய்வாகச் சாய்வாக வெளுத்து, எதிர்மூலையில் அவள் அம்மாவின் பழைய சந்தன நிறச் சேலையில் போய் அடங்கியது. விடிகிற மாதிரி இருந்தது. அது அழகாக இல்லையென்றால் வல்லி அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"அடேயப்பா! படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார் மாமா. "பேசாம சனிக்கிழமை சனிக்கிழமை வந்து இங்க உக்காந்து கட்டம் போட்டுக் குடும்மா. சென்னைக்காரருக்கும் இதையே காட்டுவோம். வல்லி, அந்த மேசையைத் தொடைச்சுக் குடு."

வல்லி துடைத்துக் கொடுத்தாள். அவள் ஒருநாளும் கைகூட ஊன்றாத மேசை. ஸ்ரீலக்ஷ்மி அதில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்து கலர் பென்சில் சீவினாள்.

மறுநாள் மாமா சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார். மாடியில் தையல் மிஷின் முருகம்மாளும் இவர்கள் இருவரும்தான். "அண்ணாவுக்கு நானே வெட்டறேன்" என்று ஸ்ரீலக்ஷ்மி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். வரும்போது ஒரு டப்பாவில் மைசூர்பாகு கொண்டுவந்திருந்தாள். பெரிய துண்டை வல்லியின் வாயிலேயே திணித்தாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா? உன் நோட்டப் பாத்துதான்டி நான் ஜியாமெட்ரியே போட்டேன். கோடு போடறதுல உன்ன அடிச்சுக்க ஆள் இல்ல."

வாயில் இனிப்பு கரைய, வல்லி கையிலிருந்த முடிச்சை வெடுக்கென்று இழுத்தாள். என்னைப் பார்த்துப் போட்டவள் மேசைமேல் இருக்கிறாள், நான் தரையில் உட்கார்ந்து முடிச்சுப் பிரிக்கிறேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும்.

கொடியில் புதுச் சிவப்புத் துணி பொரிப்பொரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீலக்ஷ்மி அதை உருவி மேசையில் விரித்தாள். பக்கத்தில் அவள் அம்மாவின் பழைய சேலைகள், துவைத்துத் துவைத்து வாழைத்தோல் போல் வழுவழுத்தவை. அளவுகோலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வல்லி, நீதானே இதுலயே இருக்கே, சொல்லு. தையலுக்குச் சுத்தி அரை இஞ்ச் விட்டுப் பதிமூணு பதிமூணா வெட்டறேன். எல்லாம் ஒரே அளவு. சரியா இருக்கோன்னோ?"

நனைத்து விரித்து இஸ்திரி போட்டுவிட்டு வெட்டு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எந்த வார்த்தையும் வல்லிக்கு அங்கே சற்று நிற்கும், அது வழக்கம். ஆனால் இந்தத் தடவை நிறுத்தியது கூச்சம் இல்லை.

"சரியா இருக்கு."

ஸ்ரீலக்ஷ்மி வெட்டினாள். துணி நழுவாமல் வல்லி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டது அளவு, அளவு சரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பதினெட்டு சுங்குடிச் சதுரம், பதினேழு பழைய சேலைச் சதுரம்.

முருகம்மாள் எழுமலைக்காரி. நைட்டி தைத்துப் பழகியவள், சுங்குடிக்குப் புதுசு. இரண்டு வரிசை ஓட்டியதும் மிஷினை நிறுத்தினாள்.

"என்ன புள்ள, இந்தச் செவப்பு இழுத்த பக்கமெல்லாம் வருது? இம்புட்டு இழுவையா இருக்கலாமா?"

"அது அப்படித்தான்க்கா இருக்கும்" என்றாள் வல்லி, தலையைத் தூக்காமல்.

"ஆமா, எனக்கென்ன வந்துச்சு. நீங்க சொல்லுறீக, நான் தைக்கேன்."

மூன்றாம் நாள் மேல்துணி தைத்து முடிந்தது. முருகம்மாள் சாமி கும்பிட ஊருக்குப் போய்விட்டாள். அடித்துணி கோப்பதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் துவைக்கும்போது சிவப்புச் சாயம் சந்தன நிறத்தில் இறங்கிவிடும். வல்லிதான் அலசி மொட்டைமாடியில் விரித்தாள். விரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கீழே வந்துவிட்டாள்.

மத்தியானம் மாமா சென்னையிலிருந்து வந்து நேரே மாடிக்கு ஏறினார். கூடவே ஸ்ரீலக்ஷ்மியும் ஏறினாள். வல்லி கடைசியாகப் போனாள்.

வெயிலில் பதினெட்டுச் சிவப்புச் சதுரமும் பூரியாக உப்பிக் கிடந்தன. அவற்றை ஒட்டித் தைத்த பழைய சேலைச் சதுரங்கள் விறைத்து இழுபட்டு, இரண்டு மூன்றில் தையலோரம் இழை விட்டுப் போயிருந்தது. எந்தப் பக்கம் இழுத்து விட்டாலும் இன்னொரு பக்கம் புடைத்தது.

"முடிச்சுத் துணிய நனைக்காமலா வெட்டுனீங்க!" மாமா தலையில் கை வைத்தார். "பிரிச்சுத் தைக்கலாம்னா பழசு தாங்காதேம்மா. ஊசி ஏறுன எடமெல்லாம் கிழியும். உங்கண்ணன் எப்ப கெளம்புறாப்ல?"

"செவ்வாய்க்கிழமை" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. குரல் எங்கோ இருந்து வந்தது. குனிந்து சந்தன நிறச் சதுரம் ஒன்றைத் தடவினாள். "இது அவன் காது குத்தறப்போ அம்மா கட்டிண்டது. கொடுக்கமாட்டேன்னா. நான்தான் பிடிவாதமா வாங்கிண்டு வந்தேன்."

மாமாவுக்கு மனசு இளகியது. ஆனால் சென்னைக்காரர் ஞாபகம் வந்ததும் மறுபடி இறுகியது. "கோவிச்சுக்காதம்மா. படம் போடுறது வேற, துணி வேற. இந்தா நிக்குதே வல்லி, பொறந்ததுலருந்து முடிச்சோட கெடக்கு. இதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்கும்ல? இனிமே அளவு, கட்டம் எல்லாத்தையும் இதுவே பாக்கட்டும். வல்லி, நாளையிலருந்து நீ மேசைக்கு வந்துரு."

கேட்டேனே என்று ஸ்ரீலக்ஷ்மி சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள். சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்று வல்லிக்கு இருந்தது.

ஸ்ரீலக்ஷ்மி நிமிர்ந்து வல்லியைப் பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு பார்த்தாள். மாமா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

துணியை எடுத்து மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள். உப்பிய இடங்கள் மடிப்பில் அடங்காமல் துருத்தின. கையால் அழுத்தினாள், மறுபடி எழும்பின. அப்படியே நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.