கிரந்திப் பத்தியம்

கண்ணகை மாமியின் கையில் தேரைத் தோல் கண்டதை மண்டூரில் முதலிற் கவனித்தவள் தெய்வமணிதான். கிணற்றடியில் மாமி குடத்தைத் தூக்கியபோது சேலைத் தலைப்பு விலகிற்று. முழங்கைக்கு மேலே மயிர்க்கால்தோறும் முள்முள்ளாய்க் கறுத்துக் கிடந்தது. தெய்வமணி தன் குடத்தை நிரப்பிக்கொண்டாள். வீடு வந்து, அன்று வயிறாரச் சோறுண்டாள்.

காரணம் இருந்தது. முன்னொரு மாரியில் அவள் நெடுங்காய்ச்சலிற் கிடந்து எழுந்தபோது அதே முட்கள் அவளுடைய கைகால்களிலும் அரும்பின. தகப்பனின் தங்கையாகிய கண்ணகை, பராமரிக்கவென்று வந்து அடுக்களையைக் கைப்பற்றிக்கொண்டாள். “இது கிரந்தி, தோலில வாற கரப்பன். மீன் ஒண்ணா, முட்டை ஒண்ணா, கீரையும் ஒண்ணா” என்று விலக்கி, வெறுஞ்சோறும் மிளகு தண்ணீருமே கொடுத்தாள். முட்கள் பெருகின. தன் மகன் நல்லரத்தினத்துக்குத் தெய்வமணியைக் கட்டிவைப்பதாக ஊரறியப் பேசியிருந்தவள், ஒருநாள் பெண்கள் நடுவே நின்று, “புள்ளைக்குப் பெருநோய், குட்டம்” என்று சொல்லிவிட்டு, மகனைக் குருக்கள்மடத்தில் வளவும் வயலுமுள்ள வேறொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாய் அனுப்பிவைத்தாள்.

பின்பு தகப்பன் மட்டும் கூட்டிச்சென்ற மட்டக்களப்பு ஆசுபத்திரியில் டாக்குத்தர் தோலைத் தடவிப் பார்த்தார். “பெருநோயுமில்லை, கிரந்தியுமில்லை. விற்றமின் குறைச்சல். சுறா ஈரல், முட்டை மஞ்சட்கரு, முருங்கையிலை, பப்பாசிப்பழம், எதை விலக்கினீங்களோ அதையே தின்னக் குடுங்கோ” என்றார். மாதங்கள் சென்று தோல் வழவழப்பாயிற்று. பழிப்பெயர் மட்டும் நீங்கவில்லை. நோய் உள்ளே ஒளித்திருக்கிறது என்றார்கள். பெண் கேட்டு ஒருவரும் படலை திறக்கவில்லை.

ஆகையால், மாமி தனக்கும் கிரந்திப் பத்தியம் பிடித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், தெய்வமணி தானாகவே அவள் வீடு சென்றாள்.

“மீனை விட்டது நல்லம் மாமி. கீரையையும் விட்டுப் பாருங்களன்” என்றாள், மிகுந்த பரிவோடு.

மாமி விட்டாள். முட்கள் கழுத்துக்கு ஏறின. பொழுது சாய்ந்தாற் கண்ணும் தெரியாமற் போயிற்று.

கோயில் திருவிழாவுக்கு நெல் குற்றப் பெண்கள் அயல்வீட்டுப் புஸ்பத்தின் வளவிற் கூடினர். தெய்வமணிக்கு அங்கே உலக்கை கொடுப்பதில்லை. வேலியோரம் நிற்பதற்கு மட்டும் தடையில்லை. அன்று மாமி உலக்கையை எடுக்கக் குனிந்தபோது புஸ்பம் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க கொஞ்சம் தள்ளி இரிங்க மாமி. அந்தக் கையால சாமிக்கு அரிசி குத்த ஒண்ணா.”

மாமி தள்ளாடி வந்து வேலியோரத்திலேயே நின்றாள். வேறு இடமில்லை.

“உனக்கு எப்படிப் புள்ள மாறின?” என்று தாழ்ந்த குரலிற் கேட்டாள்.

“எனக்கு எங்க மாமி மாறின? உள்ளுக்கு ஒளிச்சிருக்காம். ஊரெல்லாம் சொல்லுது.”

“பகிடி விடாத. கண்ணும் போகுதுகா.”

“மருந்து என்ட அடுப்பிலதான் இரிக்கி. சும்மா தரமாட்டன். அண்டைக்குச் சொன்ன சொல்ல இப்ப திருப்பி எடுங்க. இவ்வளவு பேருக்கும் கேக்கோணும்.”

மாமியின் உதடுகள் அசைந்தன.

“என்னகா மாமி முணுமுணுக்கிறா?” என்றாள் புஸ்பம். “உலக்கைச் சத்தத்தில ஒண்டும் விளங்கல்ல.”

“உலக்கைய நிப்பாட்டுங்க” என்றாள் தெய்வமணி. “மாமி இன்னொருக்காச் சொல்லுவா.”

உலக்கைகள் நின்றன.

“இவளுக்குப் பெருநோய் இருந்ததில்ல” என்றாள் கண்ணகை. “நான் போட்ட பத்தியந்தான் இவளக் கெடுத்தது. தெரியாமப் போட்டன். பெருநோய் எண்டது மட்டும் தெரிஞ்சு சொன்னது.”

தெய்வமணி மாமியின் முள்ளோடிய கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்கத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். சுறா ஈரற் கறியையும் முருங்கையிலைச் சுண்டலையும் முன்னே வைத்தாள். மாமி மறுக்காமல் உண்டாள்.

“எத்தினை நாளைக்குப் புள்ள தின்னோணும்?”

“தோல் கெதியா மாறாது மாமி, மாதக்கணக்காகும்” என்று தெய்வமணி இன்னும் ஓர் அகப்பை ஈரல் போட்டாள். “நாளைக்குப் பகலிலயே வாங்க. துறையடியால வாங்க. தோணிக்கு நிக்கிற ஆக்களுக்கும் இண்டைக்குச் சொன்னதச் சொல்லிப்போட்டுத்தான் இங்க சாப்பாடு. மறுநாள் சந்தையில. கண் நல்லாத் தெரிஞ்ச பிறகு, ரெண்டு பேருமாக் குருக்கள்மடத்துக்கு, உங்கட மகன்ட வீட்டுக்குப் போவம்.”

மாமியின் கை சோற்றிலேயே நின்றது.

“தின்னுங்க மாமி” என்றாள் தெய்வமணி. “ஆறப்போகுது.”