கொசுறு

கிளப் மேலாளர் ஒப்பந்தத் தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். "பூட்டு வெளியிலதான் உக்காந்திருக்கான். நீங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவான்," என்றார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. போடத்தான் செய்வான். 'பூட்டு' என்று பேரெடுத்த அந்தக் கோல்கீப்பருக்கு அவள் ஏஜென்ட் மட்டுமல்ல, கூடப்பிறக்காத அக்கா. பக்கத்து நகரத்து கிளப் கேட்டது 'ராக்கெட்' என்ற இன்னொரு ஆட்டக்காரனை. இளவட்டம், காலில் பந்து பட்டால் கோல். அவனுக்கும் அவள்தான் ஏஜென்ட். அவனோடு பூட்டையும் கொசுறாகத் தள்ளிவிட மேலாளர் கணக்குப் போட்டிருந்தார். போனால் அங்கே ஒரே ஒரு சீசன், அப்புறம் வீடுதான். முப்பத்தைந்தை நெருங்குகிற கோல்கீப்பரை வெற்றிலை பாக்கு வைத்து யாரும் அழைக்கப் போவதில்லை. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே ஒப்பந்தம், அவன் மறுத்தால் ராக்கெட்டின் மாற்றமும் படுத்துவிடும். போ என்றால் பூட்டுக்குத் துரோகம், போகாதே என்றால் ராக்கெட்டுக்குத் துரோகம். இதில் தனக்கு வரும் கமிஷன் வேறு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

"தம்பி, இந்த விஷயத்துல நான் உனக்காகப் பேச முடியாது. ராக்கெட் போகணும்னு நினைக்கிறவ நான். உனக்கு வேற ஆள் வேணும்."

பூட்டு தன் அகன்ற கைகளைப் பார்த்துக்கொண்டே, "என்னக்கா, கை கழுவுறீங்களா?" என்றான்.

"இல்லடா. இந்த ஊர்லயே பெரிய வாயாடிய உனக்குக் கூட்டிட்டு வரேன்."

வாயாடி என்றால் அவளுடைய சொந்தத் தங்கைதான். சேர்ந்து நடத்திய ஏஜென்ட் அலுவலகத்தை உதறிவிட்டுத் தனிக்கடை போட்டவள். பிரிந்து போன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா வீட்டில் எதிர்ப்பட்டால்கூட ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள். வீம்பை விழுங்கிக்கொண்டு அவள்தான் போன் செய்தாள். ராக்கெட்டிடமும் ஒன்றுவிடாமல் சொன்னாள். 'என்னை விட்டுக்கொடுக்காம இருந்தா சரிதான் மேடம்,' என்றான் அவன்.

தங்கை ஹெல்மெட்டும் கையுமாக வந்தாள். முதலில் பூட்டோடு தனியறையில் வெகுநேரம் பேசிவிட்டுத்தான் மேஜைக்கே வந்தாள். மேலாளர் இருவரின் முகச்சாயலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா தங்கச்சியா? இது நல்லா இருக்கே."

"நாங்க பேசியே ரெண்டு வருஷமாச்சு சார். இதவிட நடுநிலையான ஆள் உங்களுக்குக் கெடைக்காது," என்றாள் அக்கா.

தங்கை சிரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். மூன்று வருடம் உறுதி. அது முடிந்ததும் கோல்கீப்பர் பயிற்சியாளர் வேலை. இல்லையென்றால் பூட்டு இந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். மேலாளர் பக்கத்து நகரத்துக்குப் போன் போட்டார். பயிற்சியாளர் வேலைக்கு ஒத்துக்கொண்டார்கள். கூடுதல் வருடங்களுக்குச் சம்பளம் தர முடியாது என்று கையை விரித்தார்கள்.

"அப்ப மேடத்தோட ஆளு ராக்கெட்டு, அவன் பங்குலேருந்து எடுக்கலாம்," என்றாள் தங்கை. மேடமாம். கூடப்பிறந்தவள் சொல்கிற வார்த்தையைப் பார்.

"அதுல யாரும் கை வைக்க முடியாது," என்றாள் அக்கா. மனதார எதிர்த்தாள், கறாராக. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் வாதாட உள்ளே சரக்கு தீர்ந்துவிட்டது என்று தங்கைக்குத் தெரியும். இன்று அக்கா கண்ணாடியைத் தொடவே இல்லை. தங்கை மெல்ல மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"அவங்க விடமாட்டாங்க. நானும் விடமாட்டேன். ராக்கெட்ட வித்து லாபம் பாக்கறது நீங்கதானே சார்? நீங்களே குடுங்க."

அக்கா தன் கட்சிக்காரனை நினைத்துப் பார்த்தாள். ராக்கெட் போக வேண்டுமென்றால் இது நடந்தாக வேண்டும். "குடுத்துருங்க சார்," என்றாள்.

ஒரே ஆளை வைத்துக் காதும் காதும் வைத்தமாதிரி முடிக்கப் பார்த்த மேலாளர், இரண்டு பேருக்கு நடுவே வசமாக மாட்டிக்கொண்டார். தாளில் திருத்தம் எழுதினார். பூட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். தான் நீட்டிய எந்தத் தாளையும் அவன் அப்படிப் படித்து அக்கா பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டாள் கழுதை என்று தங்கையை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

"சாப்ட்டியா?" என்றாள் அக்கா மாடிப்படியில்.

"இல்ல. நீதான் வாங்கித் தரணும்."

கீழே வாசலில் பூட்டு மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "மூணு... மூணும்மா," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை என்பதையே மறந்து, தடித்த மூன்று விரல்களைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தான்.