படங்களுக்கு ஆகாத காற்று

எழுபத்தாறு வயதான பிறகும் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள், செல்லங்களா. முகப்பில் ஆறு வெள்ளைத் தூண்களும் மேலே முக்கோண நெற்றியுமாக நிற்கிற அந்தப் பழைய மாளிகையிலேயே பிறந்தவள். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டை நவீன ஓவிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, தங்கை சாகும்வரை மாடி மூலை அறையில் இருக்கலாம் என்று பத்திரத்தில் எழுதி வாங்கினார். ஜன்னலைப் பற்றி எழுத யாருக்குத் தோன்றும்?

படங்களுக்குக் குளிரும் ஈரமும் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். அதனால் வீடு முழுக்க ஏசி. ஒரு ஜன்னலையும் திறக்கக் கூடாது. பாப்பாவுக்கோ சின்ன வயதிலிருந்தே இளைப்பு. வெளிக்காற்று முகத்தில் பட்டால்தான் மூச்சு சீராகும். முதல் மழைக்காலத்திலேயே நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது.

அண்ணன் நிர்வாகக் குழுவில் இருந்தார். வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்டார். எனக்கு வேறு இடம் தெரியாது, ஜன்னலைத் திறந்தால் போதும் என்றாள்.

"உன் சளிக்கு மாத்திரை இருக்கு பாப்பா. படத்துக்குச் சளி பிடிச்சா எங்க போறது?"

"அப்ப என்னையும் ஒரு ஆணியில மாட்டிடுண்ணா. நல்லாப் பாத்துப்பாங்க."

அவர் சிரித்தார். இரண்டு நாள் கழித்து ஒரு கம்பளி அனுப்பினார்.

ஒரு காலையில் மூச்சு முட்டியது. தட்டுத்தடுமாறிப் போய்க் கொக்கியைத் தள்ளித் திறந்துவிட்டாள். கீழே அலுவலகத்தில் குளிரையும் ஈரத்தையும் அளக்கிற மெஷின் கத்தியது. ஏசி மெக்கானிக் ஓடி வந்தான். பார்த்தால், நாற்காலியில் சாய்ந்து, முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க, குழந்தை மாதிரி தூங்குகிறாள். மூன்று வாரமாக அவள் இருமலைக் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். கைபேசி அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டான். மறுபடி அடித்தபோது எடுத்தான். ஜன்னலைச் சாத்தி, ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டு வரச் சொன்னார்கள்.

பேச்சுச் சத்தத்தில் அவள் விழித்தாள்.

"எனக்கு வேற வழியில்லம்மா."

"தெரியும்ப்பா. எத்தனை?"

"நாலு."

அவன் ஸ்டூலில் ஏறியதும் நான்கையும் தன் கையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நீட்டினாள். மூன்றாவதில் ஸ்க்ரூடிரைவர் நழுவியது. நிதானமாகப் போடு, கோணினால் மறுபடி கழற்றணும் என்று அவள்தான் சொன்னாள். நான்காவதும் இறுகியது. கண்ணாடிக்கு வெளியே மரத்தில் இலைகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

அவன் பாதிப் படி இறங்குவதற்குள் மேலே அவள் நெஞ்சில் விசில் ஆரம்பித்துவிட்டது.