லைன் 1, லைன் 2

கொழும்பிலிருந்து வந்த நாகரத்தினம் சப்பாத்தில் ஒட்டிய சேற்றை எங்கள் நகரசபைப் படியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஊர் ஸ்மார்ட் நகரமாவதற்குத் தயாரா என்று நூற்றுக்குப் புள்ளி போட வந்தவர் அவர். ஒரு பஜார், ஒரு பஸ் தரிப்பிடம், நாலு தூறல் விழுந்தால் நின்றுவிடும் கரண்ட். இதை அளக்க ஓர் ஆள், அந்த ஆளுக்கு மத்தியானம் கோழிக்கறி. எங்கள் செயலாளர் சோமசுந்தரம் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு திரிந்தது கண்கொள்ளாக் காட்சி.

"சனங்க குறை சொல்ல, முறைப்பாட்டுக்குச் செயலி இருக்கா?"

"ஆறு மாசமா இருக்கு சேர். தமிழ் வேலையெல்லாம் நம்ம பிரேமினி செஞ்சது," என்றார் சோமசுந்தரம். பிரேமினி நான்தான், இங்கே கிளார்க்.

நகர எல்லைக்குள் வரும் தேயிலைத் தோட்டப் பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் குடியிருக்கும் ஆறு லயங்கள். முதல் இரண்டு லயங்களிலிருந்து பதினெட்டு முறைப்பாடுகள் வந்திருந்தன. மற்ற நான்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. சொன்னேன்.

"அப்போ அந்த நாலுலயும் ஆட்கள் திருப்தியா இருக்காங்க," என்று அந்தப் பகுதிக்கு இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி போட்டார் நாகரத்தினம். பிறகு, திருப்தியான ஒருவரோடு படம் வேண்டுமென்றார்.

ரோட்டுக்குக் கிட்ட இருப்பது ஐந்தாம் லயம் என்பதால் அங்கே கூட்டிப்போனோம். கொழுந்து பறித்துவிட்டு வந்த மீனம்மாக்கா லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் ஒரு தேயிலைக் கம்போடு நின்றிருந்தார். மேட்டின் மேல் நீளமாக ஒரு வெடிப்பு. அதற்கு நேர்கீழே அவர் வீட்டில் சமைக்கும் குசினி. குசினிச் சுவரோரம்தான் மகளும் கைக்குழந்தையும் படுக்கிறார்கள். தினமும் வெடிப்புக்குள் கம்பை விட்டு, போன ஆழத்துக்குக் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். கம்பில் ஒன்பது கீறல்கள்.

"இதை ஏன் செயலியில போடல?" என்றார் நாகரத்தினம்.

மீனம்மாக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "போடத்தான் பாத்தோம். மக போன்ல தொறந்தா. லைன் ஒண்ணு, லைன் ரெண்டுன்னு ரெண்டு கட்டந்தான் இருக்கு. நாங்க அஞ்சாம் லைனு. எங்க லைனுக்கு எப்ப தொறப்பாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

நாகரத்தினத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, அது அட்ரஸோட முதல் வரி, ரெண்டாவது வரி!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவனையாளர் தவறு, செயலியில் பிழையில்லை என்று குறித்துக்கொண்டார். சோமசுந்தரமும் கடமைக்குச் சிரித்து வைத்தார். இரண்டு பேரையும் அந்த மேட்டிலிருந்து தள்ளிவிட்டால் என்ன என்று இருந்தது.

ஆனால் அந்தச் சொல்லைப் போட்டவள் நான். வரி என்று போட்டால் வரி கட்டச் சொல்கிறார்கள் என்று சனம் பயப்படும் என நினைத்து, பெரிய புத்திசாலி மாதிரி லைன் என்று மாற்றினேன். இதே லயத்தில், மீனம்மாக்கா வீட்டுக்கு மூன்று கதவு தள்ளிப் பிறந்தவள். பஜாரில் வாடகைக்கு வீடெடுத்து நான்கு வருடம்தான் ஆகிறது. அதற்குள் லைன் என்றால் இங்கே லயம் என்பதே மறந்துபோயிருக்கிறது. நாகரத்தினத்தைக் காறித் துப்ப எனக்கு என்ன யோக்கியதை?

போனை எடுத்தேன். லைன் 1 கட்டத்தில் ஐந்தாம் லயம், மேல்கணக்கு என்று அடித்து வெடிப்பைப் படம் பிடித்து அனுப்பினேன். பதினான்கு வேலை நாட்களில் பதில் தரப்படும் என்று வந்தது. அதையும் நான் எழுதிய தமிழில்தான் வாசித்துக் காட்டினேன்.

"பதினாலு நாளா?" என்றார் மீனம்மாக்கா.

"சேர், மேடு சரியிறதுக்குள்ள இன்னைக்கே இவங்களை ஸ்கூலுக்கு மாத்தணும்," என்றேன் சோமசுந்தரத்திடம்.

"மொதல்ல சேரை அனுப்பிட்டுப் பேசுவோம் பிள்ள."

தூறல் விழத் தொடங்கியது. சோமசுந்தரம் குடையை விரித்து நாகரத்தினத்தின் தலைக்கு மேல் பிடித்தார். "அந்த போனை அம்மா கையில குடுங்க, ஒரு படம் எடுத்திருவோம். கொஞ்சம் சிரிங்கம்மா," என்றார் நாகரத்தினம் குடைக்குள்ளிருந்து.

நான் நீட்டிய போனை மீனம்மாக்கா வாங்கவில்லை. குனிந்து கம்பை வெடிப்புக்குள் விட்டார். ஏழு, எட்டு என்று கீறல்கள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் மறைந்தன. ஒன்பதாவதும் போனது. கம்பு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.