இரண்டு பேர் ஆடும் பேய் பங்களா

தட்டை வீசட்டும், கரண்டியை வீசட்டும், ஆனால் பேய் என்றால் அதற்கொரு லட்சணம் வேண்டாமா, இப்படிப் பானை வயிறும் கோணல் தொப்பியுமாக அடுப்படியில் நின்று ஏப்பம் விடுகிற பேயை யார் கண்டது... ஆவுடையப்பன் அவசரத்தில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார், டிவிக்குள் இருந்த அவருடைய மீசைக்காரர் டார்ச் அடிப்பதற்குப் பதிலாக எம்பிக் குதித்தார், குதித்தவர் நேராகக் குழம்புச் சட்டிக்குள் விழுந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பீட்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதையே சாக்காக வைத்து எழுந்து போயிருக்கலாம். வட்டப் பொத்தான் மாமா, என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தன்னுடைய ஒல்லிப் பையனைச் சட்டியருகே கொண்டுவந்து நிறுத்தி, கைகொடுத்துத் தூக்கிவிட்டான். எப்படி வந்து மாட்டினோம் இதில்... எல்லாம் மழைதான். விடியும்போது பிடித்த மழை, மல்லிகைக் கொல்லைப் பக்கம் போக வழியில்லை, மொட்டெல்லாம் இந்நேரம் தண்ணீர் கோத்துப் போயிருக்கும், சரி, செய்தியாவது பார்ப்போம் என்று டிவியைப் போட்டால் சிக்னல் இல்லையென்று வெறும் நீலம், அந்த நீலத்தையே எவ்வளவு நேரம் பார்ப்பது. ராசாத்தி வேண்டுமென்றேதான் செய்தாள். மகளையும் பேத்தியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கொலுசு வாங்கப் போகிறேன் என்று கீரமங்கலம் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள், கட்டிய புருஷனையும் வந்த மருமகனையும் ஒரு ஹாலுக்குள் தனியே விட்டுப் போக அவளுக்கு ஒரு கொலுசு. இரண்டு பேரும் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவன்தான் தன் பையிலிருந்து வீடியோ கேம் ஆடுகிற ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து டிவிக்குப் பின்னால் செருகினான், ஒருத்தரா ஆட முடியாது மாமா, ரெண்டு பேர் வேணும், சும்மா காமெடிப் பேய்தான், என்றான்.

மாமா என்று சொல்ல அவனுக்கு ஒரு தடையும் இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான். இவர் அவனை என்னவென்று கூப்பிடுவது? கல்யாணமாகி முதன்முதலாக வீட்டுக்கு வந்தவனை நேற்று வாங்க என்றுதான் சொன்னார், ஆனால் அவன் முகத்தைப் பார்த்து இல்லை, அவன் தோளில் தூங்கிய குழந்தையைப் பார்த்து. அதிலிருந்து, ஆளைக் கூப்பிடாத பேச்சாகத் தேடித் தேடிப் பேசிக்கொண்டிருக்கிறார்... காபி ஆறுது, வெந்நி போட்டிருக்கு, மழ விடாது போல... யாரிடம் சொல்கிறார், காபியிடமா, மழையிடமா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதையில்லை, தம்பி என்றால் மகள் முகம் வாடும், மாப்பிள்ளை என்பதற்கு... அதற்குக் கல்யாணத்தில் போய் நின்றிருக்க வேண்டும். கட்டுமாவடிப் பையன், வேதக்கார வீடு, ஞாயிறானால் சர்ச், அவன் அப்பாவுக்குக் கடலில் படகு, திருச்சியில் மகள் இலக்கியாவுக்குப் பக்கத்து மேசையில் வேலை. ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிய போட்டோ ராசாத்தியின் போனுக்குத்தான் வந்தது, இவருக்கு வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருப்பாரா? பார்த்திருப்பார், பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பார். பேத்தி பிறந்ததற்கும் ராசாத்தி மட்டும்தான் பஸ் ஏறினாள், திரும்பி வந்து, அன்புமொழின்னு பேர் வச்சிருக்காக, என்றாள். அங்கிட்டுப் பேரும் இல்லை, இங்கிட்டுப் பேரும் இல்லை, யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்து வைத்த பேர். யோசித்தது மகளா, இவனா... கேட்க நினைத்துக் கேட்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார் அன்றைக்கு.

இப்போது மாடிப்படி. பங்களாக்கார அம்மாளின் பூனை காணாமல் போய்விட்டதாம், பேய்கள்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கின்றனவாம், அறை அறையாகத் தேட வேண்டும். பேயின் மேல் டார்ச் அடித்தால் அது வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்ளும், மூடியிருக்கும்போதே மற்றவன் சாக்கைப் போட்டு அமுக்க வேண்டும், இவ்வளவுதான் சங்கதி. குளியலறையில் ஒரு பேய் தலையெல்லாம் சோப்பு நுரையோடு கத்தியது, புத்தக அலமாரிக்குள் இருந்த தாடிப் பேய் தும்மித் தும்மி விளக்கை அணைத்தது, தாடியும் தும்மலும் அப்படியே பூ கமிஷன் கடை பிச்சைமுத்து... ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மீசைக்குள்ளேயே அடக்கினார். இவன் ஏன் இப்படித் துள்ளுகிறான்? ஒவ்வொரு பேய்க்கும் பீட்டர் அய்யோ என்று பின்னால் சாய்ந்தான், கதவு கிறீச்சிட்டால் போதும், அவனுடைய ஒல்லிப் பையன் ஓடிவந்து மீசைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவனா இவன், பொம்மைப் பேய்க்கு நடுங்குகிறான், இவனை நம்பியா நம்ம பிள்ளை... என்று இளக்காரமாகத்தான் இருந்தது முதலில். அப்புறம் அந்த இளக்காரம் எங்கே போனது என்று தெரியவில்லை. முன்னால் போவது தன் பொறுப்பு என்று ஆகிவிட்டது, கதவை முதலில் திறப்பதும் இவர், டார்ச்சை ஆட்டாமல் பிடிப்பதும் இவர், பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வருகிறான், அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இலக்கியா சின்னப் பிள்ளையில் இடி இடித்தால் இப்படித்தான் ஓடிவந்து வேட்டியைப் பிடித்துக்கொள்வாள்... அவளும் இவனும் இப்படி ஒளிய இடமில்லாமல், யாருடைய முதுகும் இல்லாமல்தானே அந்த ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிருப்பார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு யாரைப் பிடித்தார்களோ. சரி, அது எதற்கு இப்போது, டார்ச்சைப் பிடி.

மேல்மாடத்தில் பூனையின் சத்தம் கேட்டது. ஒல்லிப் பையன் அதிசயமாக இந்த முறை முன்னால் போய்விட்டான், ஒரு பெட்டியைத் திறந்து எட்டிப் பார்க்கிறான், அவனுக்குப் பின்னால் திரைச்சீலை உப்புகிறது, உப்பி, இரண்டு பெரிய கையாக விரிகிறது, பங்களாவிலேயே பெரிய பேய், இவன் திரும்பவே மாட்டேன் என்கிறான், பெட்டிக்குள் என்ன இருக்கிறது அப்படி...

"மாப்ள, பின்னாடி நிக்கிது, இங்கிட்டு வந்துருங்க."

சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. பீட்டர் இங்கிட்டு வரவில்லை. அவன் கை அப்படியே நின்றுவிட்டது, ஒல்லிப் பையன் நட்டு வைத்த கம்பு மாதிரி நின்றான், பேய் சாவகாசமாக வந்து அவனை வாரி ஒரு ஜாடிக்குள் போட்டு மூடியது. அவன் டிவியைப் பார்த்தான், இவரும் டிவியைப் பார்த்தார், வெளியே ஓட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவா முடியும், சும்மா விளையாட்டில் சொன்னது என்று சொல்லவா... எதற்குச் சொல்ல வேண்டும். இவர் மீசைக்காரரை நடத்திக்கொண்டு போனார், திரைச்சீலைப் பேயின் கண்ணுக்கு நேரே டார்ச் அடித்தார், அது வெட்கப்பட்டுத் திரும்பிய நேரத்தில் ஜாடி மூடியைத் தட்டித் தட்டித் திறந்தார், எந்தப் பொத்தான் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வெளியே வந்த ஒல்லிப் பையன் சாக்கைப் போட்டு அமுக்கினான். பூனை அந்தப் பெட்டிக்குள் இல்லை, பேயின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் பீட்டர் சிரித்தான், சிரிப்பை நிறுத்த முடியாமல் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், இவருக்கும் அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்போடுதான் ஆட்டோ வந்து நின்றது. ராசாத்தி முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துண்டு எடுக்கப் போனாள். குழந்தையை வாங்க பீட்டர் எழுந்து ஓடினான். இலக்கியா ஈரத் தலையைத் தட்டிக்கொண்டே டிவியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள், இவ்வளவு தூரம் வந்துவிட்டார்களா என்று அவளுக்கு ஆச்சரியம். ஆவுடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை, உம் புருஷந்தான் எல்லாத்துக்கும் பயந்து சாகுறாக, நாந்தான் முன்னால போயிக் காப்பாத்துனேன், என்றார்.

"இவரா? இத நாங்க எத்தனையோ தடவை ஆடி முடிச்சிருக்கோம்ப்பா. எந்தப் பேய் எங்க நிக்கிதுன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவாரு."

பீட்டர் திரும்பிப் பார்க்கவில்லை, குழந்தையின் காலில் புதுக் கொலுசைச் சரிசெய்வதில் குனிந்திருந்தான், காது மட்டும் சிவந்திருந்தது. அப்படியானால் அந்த அய்யோக்கள்... மீசைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்ததெல்லாம்... கோபம் வர வேண்டும் என்று ஆவுடையப்பன் காத்துப் பார்த்தார், வரவில்லை. எல்லாம் தெரிந்தவன், ஜாடிக்குள் போனது மட்டும் தெரிந்து போனதில்லை, அது நிச்சயம், அந்தக் கை நின்ற விதம் நடிப்பில்லை. பாயில் அவன் போட்டுவிட்டுப் போன பொத்தான் கன்ட்ரோலரை எடுத்து வைக்கலாம் என்று கையை நீட்டினார். எடுத்தவுடனே விரல் வழுக்கியது. சொத சொதவென்று நனைந்திருந்தது, மழைச் சாரல் உள்ளே வரவில்லை, தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, இவருடையது காய்ந்துதான் இருந்தது, அத்தனையும் அவன் கை வியர்வை... பேய்க்கு அவன் பயப்படவில்லையென்றால், இவ்வளவு நேரமும் இந்த ஹாலில் அவன் யாருக்குப் பயந்துகொண்டிருந்தான்? உள்ளங்கையை வேட்டியில் துடைக்கப் போனவர், துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.