கைதட்டக் கூடாத நாடகம்

இத்தாலியின் பாரி நகரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடகத்தின் நான்காவது ஞாயிறன்று, ஒட்டுப்பலகையில் செய்து பெயின்ட் அடித்த கதவு, ஜார்ஜியாவின் செஸ்டாபோனி ஊரில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துக்குத் திறந்தது. பாரியில் மணி மாலை ஐந்து. அந்தப் பக்கம் ஏழு. திராட்சைப் பந்தலுக்குக் கீழே துணி காய்ந்துகொண்டிருந்தது.

நாடகத்துக்கு மேடை கிடையாது. லிபெர்த்தா பகுதியில் மூன்றாம் மாடி வீடு ஒன்று, காட்சிக்குப் பதினான்கு பார்வையாளர்கள். வாசலிலேயே இயக்குநர் மிம்மா அவர்களுடைய அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு, வேறு பெயர் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுப்பாள். பிறகு அவர்கள் தரை துடைக்க வேண்டும், கிழவருக்குச் சூப் ஊட்ட வேண்டும், அழைப்புமணி அடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிய வேண்டும். கிழவராக நடித்தவர் அந்த வீட்டுக்காரர் கோசிமோ. அவரைப் பதினோரு ஆண்டுகளாக நாட்டில் தங்குவதற்கான எந்தக் காகிதமும் இல்லாமல் பார்த்துக்கொண்ட லமாரா, லமாராவாகவே நடித்தாள். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. மகள் தமூனாவின் கல்யாணத்தைக்கூட அவள் போனில்தான் பார்த்தாள். கடைசிக் காட்சியில் அந்தக் கதவின் முன்னால் நின்று, மகள் எதிரில் இருப்பதுபோல் பேசுவாள்.

அன்று கோசிமோவின் சக்கர நாற்காலி உருண்டுபோய்க் கதவில் இடித்தது. கதவு திறந்தது. ஈரத்துணியோடு தமூனா நின்றாள்.

"அம்மா! செருப்போட வராத, இப்பத்தான் கழுவி விட்டேன்."

"பதினோரு வருசம் கழிச்சு வர்றேன், உனக்குச் செருப்பு முக்கியமாடி?" என்றபடியே லமாரா குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள்.

"உன் மகளேதாம்மா. அதே அதட்டல்," என்றார் கோசிமோ.

நெகிழ்ந்துபோன பதினான்கு பேரும் கைதட்டினார்கள். நாடகம் முடிந்தது, கதவு மறுபடி பலகையானது. லமாரா ஒற்றைச் செருப்போடு அதில் நெற்றியை வைத்து அழுதாள்.

மறுவாரம் மிம்மா கைதட்டத் தடை போட்டாள். அன்று மறுபடி திறந்த கதவு பிறகு மூடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் லமாரா போய் மகளோடு சாப்பிட்டுவிட்டு, கோசிமோவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரத்துக்குத் திரும்பினாள். கூடப் போனவர்கள் பாலாடைக்கட்டி ரொட்டியோடு வந்தார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்த இருவரும் வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து, லமாராவிடம் காகிதம் கேட்டார்கள்.

"மொதல்ல உங்களோடத காட்டுங்க சார்," என்றாள் அவள்.

அவர்கள் கையிலிருந்த சீட்டில் 'வீட்டு வேலை, ஆவணம் இல்லை' என்று எழுதியிருந்தது. அட்டைகளை மிம்மாவிடம் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் மனைவிமாரோடு வந்தார்கள்.

மூன்றாம் ஆண்டு ஜூனில், காட்சி நடக்கும்போதே, கொல்லைப்புறத்தில் நிறைமாதமாக இருந்த தமூனாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. பார்வையாளர்களில் ஒருத்தி மருத்துவச்சி. "இங்க பந்தலுக்கடியில வெளிச்சம் பத்தல, பாரி பக்கம் தூக்குங்க!" என்றாள். தூக்கியவர்களால் நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. குழந்தை அங்கேயே பிறந்துவிட்டது, தலை பாரியிலும் கால்கள் செஸ்டாபோனியிலுமாக. லமாரா அதை ஏந்திக்கொண்டாள்.

இரண்டு ஊர்ப் பதிவாளர்களும் அந்த வாரமே பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒன்றில் நேரம் ஐந்து பத்து, மற்றொன்றில் ஏழு பத்து. இரண்டுமே சரி என்று முத்திரை குத்தினார்கள்.